வாசுகியின் குகையும் கருமணற் கரையும்

பாலித் தீவின் தென்கிழக்குக் கரையில், குளுங்குங் மாவட்டத்தில், கோவா லாவா என்னும் ஆலயம் அமைந்துள்ளது. ஆலயத்தின் எதிரே நெடுஞ்சாலை. சாலையைக் கடந்தால் தென்னை மரங்கள். அவற்றை அடுத்துக் கடல். கும்பகோணத்திலிருந்து மகளுடனும் மருமகனுடனும் அங்கே சென்றிருந்த 72 வயது அம்மையார் ஒருவர், ஆலயத்துக்குள் நுழையுமுன் கடலைக் கண்டு கைகூப்பலாம் என்று கரைப்பக்கம் நடந்தார். தென்னை நிழல் முடிந்த இடத்தில் அவரது கால்கள் தயங்கின. கரை முழுதும் மணல் கறுத்துக் கிடந்தது. ஈரம் பட்ட இடம் மை பூசியது போலவும், உலர்ந்த இடம் சாம்பல் படிந்தது போலவும் தோன்றிற்று. அலை வெண்ணுரையாக வந்து விரிந்து வடியும்போதெல்லாம் அந்தக் கருமை மேலும் அழுத்தமாயிற்று.

“ஏம்மா, இங்கே எதையாவது போட்டு எரித்திருக்கிறார்களா?” என்று அவர் மகளைக் கேட்டார்.

“இல்லை அம்மா. மணலே அப்படித்தான். மலையிலிருந்து வந்ததாம்” என்றார் மகள்.

மகள் சொன்னது உண்மை. பாலியின் வடகிழக்கில் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ஆகூங் ஓர் எரிமலை. பாலி மக்களுக்கு அதுவே திருமலை. நமக்குக் கயிலை எப்படியோ அப்படி. அது காலந்தோறும் கக்கிய குழம்பு குளிர்ந்து கரும்பாறையாக இறுகியது. மழையும் ஆறுகளும் அந்தப் பாறையை உடைத்து உருட்டிக் கடலில் சேர்க்க, அலைகள் அதனை அரைத்துப் பொடியாக்கிக் கரையிலே பரப்பின. அம்மணலில் இரும்புச் சத்துள்ள துகள்கள் மிகுதி. ஒரு காந்தத்தை அதில் புரட்டினால் மீசை முளைத்தது போல் ஒட்டிக்கொண்டு வரும். அதே தீவின் தென்கோடியில், பவளப்பாறையும் சிப்பியும் பொடிந்து உண்டான வெண்மணற் கரைகளும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அங்கேதான் குவிகின்றனர். கருமணற் கரைக்கு வருவோரில் பலர் வழிபாட்டுக்கென வருபவர்கள்.

வயதில் மூத்த அன்பர்கள் அங்குச் செல்ல நேர்ந்தால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கறுப்பு வெயிலை விழுங்கும். காலை பத்து மணிக்கு மேல் அம்மணலில் வெறுங்காலோடு நிற்பது கடினம். அலையும் முரடானது; முழங்கால் அளவு நீரில் இறங்குவதுகூட வேண்டாம். கரையில் நின்றே தலையில் தீர்த்தம் தெளித்துக்கொள்ளலாம்.

மணலைத் தந்த அந்த மலை சாதுவான மலையன்று. நூறு சக ஆண்டுகளுக்கு ஒருமுறை, ‘ஏக தச ருத்ரம்’ என்னும் மாபெரும் வேள்வியைப் பாலி மக்கள் ஆகூங் மலைச்சரிவிலுள்ள பெசாகித் தாய்க்கோயிலில் நடத்துவர். பதினோரு திசைகளின் ருத்ரர்களை அமைதிப்படுத்தும் வேள்வி அது. 1963ஆம் ஆண்டு அதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே, பிப்ரவரி மாதத்தில் மலை புகையத் தொடங்கியது. வேள்வி நிறுத்தப்படவில்லை. மார்ச் 17ஆம் நாள் மலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன, ஊர்கள் அழிந்தன, கொதிக்கும் சேறு ஆறுகளின் வழியே கடல்வரை பாய்ந்தது. ஆனால் பெசாகிக் கோயிலின் அருகே வந்த குழம்பு அதனை விழுங்காமல் விலகிச் சென்றது. இதை இறையருள் என்று கூறுவோரும் உண்டு. வேள்வியைத் தவறான ஆண்டில் தொடங்கியதற்கான எச்சரிக்கை என்று கூறுவோரும் உண்டு. 1979ஆம் ஆண்டு அவ்வேள்வி மீண்டும் முறைப்படி நடத்தி நிறைவு செய்யப்பட்டது. 2017இல் மலை மறுபடியும் புகைந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. இவ்வளவுக்குப் பின்னும் அம்மலையை அவர்கள் அழிப்பவன் என்று அழைப்பதில்லை. அங்கிருந்துதான் நீர் வருகிறது, வயல் விளைகிறது, முன்னோர் அங்கேதான் வாழ்கின்றனர் என்பதே அவர்களது எண்ணம்.

கோவா என்றால் குகை. லாவா என்றால் வௌவால். பெயருக்கேற்ப, ஆலயத்தின் உள்முற்றத்தில், குன்றின் அடிவாரத்தில் வாய் திறந்திருக்கும் குகையின் சுவரும் கூரையும் ஆயிரக்கணக்கான வௌவால்களால் மூடப்பட்டிருக்கின்றன. பட்டப்பகலிலேயே அவை கீச்சிட்டுக்கொண்டும் சிறகு விரித்துக்கொண்டும் தொங்குகின்றன. குகைவாயின் முன்னர் உள்ள சிறு சந்நிதிகளின் மீது அவற்றின் எச்சம் விழுகிறது, நாற்றமும் உண்டு. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் அங்கு அமர்ந்து வழிபடும் மக்கள் முகம் சுளிப்பதில்லை. வௌவால்கள் குகைக்கு உரியவை. நாம்தாம் விருந்தினர் என்பது போல் அவர்கள் அமர்ந்திருக்கின்றனர்.

அக்குகையில் வாசுகி உறைவதாக ஐதிகம். பாற்கடலைக் கடைந்தபோது மந்தரமலையைச் சுற்றிக் கயிறாகக் கிடந்த அதே வாசுகிதான். ‘பாசுகி’ என்பது அங்குள்ளோர் வழக்கு. உலகைத் தாங்கும் ஆமையும், அதனைச் சுற்றிய அனந்தன், வாசுகி என்னும் இரு நாகங்களும் பாலியின் பத்மாசன பீடங்களின் அடியில் செதுக்கப்பட்டிருப்பதை எங்கும் காணலாம். பெசாகி என்ற பெயரே பாசுகியிலிருந்து பிறந்தது என்பர். கோவா லாவா குகை நிலத்தினடியே நீண்டு சென்று மலையிலுள்ள பெசாகிக் கோயிலில் முடிகிறது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அதாவது நாகத்தின் ஒரு முனை கடலில், மறு முனை மலையில். குகைக்குள் எவரும் செல்வதில்லை. வாயிலில் நின்று வணங்குவதோடு சரி. இவ்வாலயத்தை 11ஆம் நூற்றாண்டில் ம்பு குத்துரான் என்னும் முனிவர் நிறுவினார் என்பது மரபு.

அமைதியான இந்த இடத்துக்கும் ஒரு போர்க்கதை உண்டு. 1849 மே மாதம் டச்சுப் படை இக்கரையில் இறங்கி, இந்த ஆலயத்தையும் அருகிலுள்ள குசாம்பாவையும் கைப்பற்றியது. குளுங்குங் அரச குலத்துப் பெண்மணி தேவ அகூங் இஸ்திரி கன்யாவின் படையினர் இரவோடு இரவாகத் தாக்கினர். அதில் டச்சுத் தளபதி மிக்கீல்ஸ் காயமுற்று இறந்தார்.

நம் கோயில்களில் பழகிய கண்ணுக்கு அங்கே முதலில் ஓர் ஏமாற்றம் ஏற்படலாம். கருவறை இல்லை. அபிஷேகம் செய்து அலங்கரித்த மூலவர் இல்லை. கரிய நார்க்கூரை அடுக்கிய பீடங்கள் நிற்கின்றன. அவற்றில் தெய்வம் விழாக்காலத்தில் வந்து அமர்கிறது. படையலில் சமைத்த வாத்தும் கோழியும் இருப்பதுண்டு. அம்மையார் அவற்றைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். “எல்லாம் நம்முடையதுதான், அப்படியே இருக்கிறது” என்று சொல்லித் திரும்பும் பயணிகள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அது தனக்கென ஒரு மரபாக ஆயிரம் ஆண்டு வளர்ந்தது. அப்படியிருந்தும், வெண்ணுடை அணிந்த பூசகர் மணியை ஒலித்து மந்திரம் சொல்லத் தொடங்கியதும், அதில் காயத்ரி கேட்டபோது, அம்மையாரின் கைகள் தாமாகவே குவிந்தன. இடையில் வேட்டி போன்ற சாரோங்கும் கச்சும் கட்டியே உள்ளே செல்ல வேண்டும். புடவை கட்டியிருந்த அவருக்குக் கச்சு மட்டும் கொடுத்தனர். தரையில் அமர்ந்து, முதலில் வெறுங்கையாலும், பின் விரல்நுனியில் மலர் பிடித்தும், ஐந்து முறை கைகளை நெற்றிக்கு மேல் உயர்த்தி வணங்குகின்றனர். பூசகர் தீர்த்தம் தெளித்து, உள்ளங்கையில் மும்முறை வார்க்கிறார். பருகிய பின் ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்கின்றனர். அம்மக்கள் தம் சமயத்தைத் ‘தீர்த்த சமயம்’ என்றே அழைப்பதுண்டு.

கடலே குடைந்த குகையைக் காண விரும்புவோர் மேற்குக் கரையிலுள்ள தானா லோட் செல்லலாம். முதல் நாள் இவர்களும் அங்குச் சென்று வந்திருந்தனர். அலைகளின் நடுவே கரும்பாறை ஒன்றின் உச்சியில் கோயில். 16ஆம் நூற்றாண்டில் தாங் ஹியாங் நிரார்த்தர் நிறுவியதாக மரபு. பாறையின் அடியில் அலை அரித்த குடைவு; அதனுள், சுற்றிலும் உப்புநீர் இருக்க, ஒரு நன்னீர் ஊற்று. எதிர்க்கரையிலுள்ள குகையில் கறுப்பும் வெள்ளையுமாய் வரியிட்ட கடற்பாம்புகளைத் திருவுருவாகப் போற்றுகின்றனர். நீர் வற்றும் வேளையில்தான் பாறையடிக்கு நடக்க முடியும், பாசி வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோவா லாவாவே ஏற்றது. அங்குச் சமதரை, ஏறும் படிகளும் சிலவே.

அன்று கோவா லாவாவில் கூட்டம் அதிகம். ஒரு பேருந்தும் இரண்டு வேன்களும் வந்து நின்றன. வெள்ளை உடையும் மஞ்சள் கச்சுமாக ஐம்பது அறுபது பேர் இறங்கினர். அவர்களுள் சில பெண்கள், வெள்ளைத் துணி போர்த்திய ஓலைக் கூடைகளைத் தலைமேல் வைத்து, இரு கையாலும் பிடித்தபடி, சாலையைக் கடந்து கருமணலுக்குச் சென்றனர். கூடைகளுக்கு மேலே குடை பிடிக்கப்பட்டது. திருமணக் கூட்டமோ என்று மருமகன் ஐயுற்றார். இவர்களை அழைத்து வந்த வண்டியோட்டி தலையசைத்து மறுத்தார். கூடையில் இருப்பவர்கள் அக்குடும்பத்து இறந்தவர்கள் என்றார்.

இவ்விடத்தில் அம்மையாரைப் பற்றிச் சற்றுக் கூற வேண்டும். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அவருடைய கணவர் மருத்துவமனையில் காலமானார். முகத்தைக் காட்டவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை. நேரே மின்மயானத்துக்குச் சென்றது. ஒரே மகன் வெளிநாட்டில், விமானங்கள் நின்றிருந்தன. மைத்துனர் அஸ்தியைச் செம்பில் பெற்று வந்து, வாய்க்குத் துணி கட்டி, கொல்லைப்புறத்து மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். மகன் வந்துதான் கரைக்க வேண்டும் என்று அம்மையார் உறுதியாக இருந்தார். மகன் வர ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதமும் அவர் காலையில் எழுந்து கொல்லைக்கதவைத் திறந்ததும் அந்தச் செம்பைத்தான் பார்த்தார். மழை பெய்த இரவுகளில் உறங்கவில்லை. மகன் வந்த பின் இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் அஸ்தி கரைக்கப்பட்டது; விடுபட்ட காரியங்களைப் புரோகிதர் முறைப்படி செய்து வைத்தார். எல்லாம் ஆயிற்று. ஆயினும் உறவினர் ஒருவர், “காலம் தவறிய காரியம். அந்த உயிர் அதுவரை எங்கே அலைந்ததோ” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த வார்த்தை மட்டும் கரையவில்லை. மகனிடம் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மகனும் பேசியதில்லை.

வண்டியோட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மகள் தமிழில் சொன்னார். பாலியில் ஒருவர் இறந்தால் உடனே தகனம் செய்யும் குடும்பங்களும் உண்டு. ஆனால் தகனச் சடங்கு பெருஞ்செலவு பிடிப்பது. நல்ல நாளும் அமைய வேண்டும். ஆகவே பலர் உடலை முதலில் மண்ணில் வைக்கின்றனர். ஆண்டுகள் சில கழித்து, ஊரார் ஒன்றுகூடி, பல குடும்பத்து முன்னோரையும் ஒருசேரத் தகனம் செய்கின்றனர். கடலில் மறைந்தோ தொலைவில் இறந்தோ உடலே கிட்டாவிட்டால், உருவம் ஒன்று அமைத்து அதற்கே எல்லாம் செய்வார்கள். சாம்பல் கடல் சேரும். அதன்பின் உயிரைத் தூய்மை செய்யும் மற்றொரு சடங்கு. அதுவும் முடிந்த பிறகுதான் இந்தப் பயணம். ‘செகாரா குனுங்’ என்று அதைச் சொல்கின்றனர். செகாரா என்பது நம் சாகரம். குனுங் என்றால் மலை. தூய்மை பெற்ற உயிரைக் கடற்கரைக்கு அழைத்து வந்து, கோவா லாவாவில் வணங்கச் செய்து, அங்கிருந்து மலைக்கோயிலான பெசாகிக்கு அழைத்துப் போய், இறுதியில் வீட்டுச் சந்நிதியில் முன்னோர் தெய்வமாக அமர்த்துவார்கள். பித்ரு யக்ஞம் என்பதே அங்கும் பெயர்.

“எத்தனை நாள் கழித்து இதைச் செய்கிறார்கள் என்று கேளம்மா” என்றார் அம்மையார்.

மகள் கேட்டார். வண்டியோட்டி தம்முடைய பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். ஊர்த் தகனம் நடக்கும்வரை அவர் ஏழு ஆண்டுகள் மண்ணில் இருந்தாராம்.

“அதுவரை அவர் எங்கே இருந்தார் என்று நினைத்தார்கள்?”

இந்தக் கேள்வியை மொழிபெயர்க்க மகள் சற்றுத் தயங்கினார். வண்டியோட்டிக்கு அது விந்தையான கேள்வியாகப் படவில்லை. “காத்திருந்தார், இபு” என்றார். இபு என்றால் அம்மா. “வீட்டில் நாங்கள் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அது தெரியும். நாளும் படையல் வைத்தோம்.” ஏக தச ருத்ர வேள்வி வருமுன் மண்ணிலுள்ள அத்தனை பேரையும் தகனம் செய்து முடித்துவிட வேண்டும் என்பது விதி என்றும், 1979இல் தீவு முழுதும் அப்படிச் செய்தார்கள் என்று தம் தந்தையார் சொல்லக் கேட்டதையும் அவர் கூறினார். எவரையும் விட்டுவிட்டு வேள்வி செய்ய மாட்டார்கள்.

நம் சாத்திரம் வேறு. அங்குள்ள வழக்கம் வேறு. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பது முறையாகாது என்பதை அம்மையார் அறிவார். அதை வாய்விட்டும் சொன்னார். “நம்மிடம் பத்தாம் நாள் பத்தாம் நாள்தான்” என்றார். ஆனால் கரையை விட்டு அவர் எழவில்லை. தென்னை நிழலில் மருமகன் விரித்த துண்டின்மேல் அமர்ந்து, சடங்கு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கூடைகள் கடலை நோக்கி மேடையில் வைக்கப்பட்டன. பூசகர் மணியொலித்தார். குழந்தைகள் கருமணலில் குழி தோண்டினர்; எவரும் அதட்டவில்லை. அழுகையே இல்லை. ஒரு முதியவள் தன் கூடைக்குள் இருந்தவரிடம் ஏதோ பேசிக்கொண்டே மேலிருந்த துணியைச் சீர்ப்படுத்தினாள். வெளியூர் புறப்படும் கணவருக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்வது போலவே அது இருந்தது. பிறகு அவர்கள் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து வாசுகியின் குகைக்குச் சென்றனர்.

திரும்பும் வழியில், சில கிலோமீட்டர் மேற்கே, குசாம்பாவில் வண்டி நின்றது. அங்கே அதே கருமணலில்தான் உப்பு விளைகிறது. தோளில் காவடி போலக் கட்டிய இரு வாளிகளில் கடல்நீர் முகந்து வந்து, சீர்ப்படுத்திய மணற்பரப்பில் மழைபோல் விசிறித் தெளிக்கின்றனர். வெயிலில் நீர் வற்றி உப்பு மணலோடு ஒட்டும். அந்த மேல்மணலைச் சுரண்டி எடுத்து, மரத்தாலான வடிகலத்தில் இட்டு, மேலும் கடல்நீர் ஊற்றினால், அடியில் செறிந்த உப்புநீர் சொட்டும். அதைப் பிளந்து குடைந்த தென்னைமரத் தொட்டிகளில் ஊற்றிக் காயவைத்தால் வெள்ளை உப்பு படியும். இத்தனை உழைப்புக்குக் கிடைப்பது குறைவு. இளையவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் குடிசையில் இருந்ததும் வயது முதிர்ந்த ஒரு கணவனும் மனைவியும்தான். அம்மையார் ஒரு விரற்கடை உப்பை நாவில் வைத்துப் பார்த்தார். வேதாரணியத்து உப்பை விடக் காரம் குறைவு என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு விடுதிக்கு மகன் தொலைபேசியில் அழைத்தான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டான். அம்மையார் கரிய மணலைச் சொன்னார், வௌவால்களைச் சொன்னார், தலையில் கூடை சுமந்து வந்த குடும்பத்தைச் சொன்னார்.

“இந்த ஊரில் ஏழு வருஷம்கூடக் காத்திருப்பார்களாம் தம்பி. நம் அப்பா ஏழு மாதம்தானே” என்றார்.

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு மகன், மகாளய அமாவாசைக்குத் தான் விடுப்பு எடுத்துக்கொண்டு இராமேசுவரம் வருவதாகவும், அம்மாவும் உடன் வர வேண்டும் என்றும் கூறினான். இரயிலில் கீழ்ப்படுக்கை கிடைக்குமா என்று அம்மையார் கேட்டார்.